சிங்கக் கல்லைக் கழுவிய அருமைநாதன்

கனடாவில், லாசாலில் எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் கூடி நிற்கிற ஆட்கள்மேல் எனக்குப் பல வருடக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். அருமைநாதன் அண்ணையை அவர்கள் 'சிங்கத்துக்கு முழுக்கு வார்த்தவன்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பகிடியைத் தொடக்கி வைத்த வாய் என்னுடையது.

2007 கோடை. ஏரிக்கரையில் ஒரு பழைய பிரெஞ்சுப் பிரபுவின் பண்ணை. அங்கே கல்வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். குதிரை லாயத்து வாசலுக்கு மேலே ஒரு செதுக்கிய கல் பதித்திருந்தது. கேடயம், அதில் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிற சிங்கம், மேலே கிரீடம். எப்போதோ இடித்த பெரிய வீட்டின் முகப்புக் கல்லாம். எறிய மனமில்லாமல் லாயத்தில் செருகிவிட்டார்கள். நூறு வருடக் கரி அதில். கழுவுகிற வேலை அண்ணைக்கு விழுந்தது.

அவர் மன்னார்க்காரர். அந்த மாசியில்தான் இலங்கை ஆமி அங்கே அடித்த ஷெல்லில் மனைவி செத்துப்போனா. ஆமியின் கொடியிலும் சிங்கம். மகள் அஜிதா கன்னியாஸ்திரிகளின் விடுதியில் கிடந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட வேலைக் கடிதம் வேண்டும். கல்லைத் தொடமாட்டேன் என்றால் வேலை போகும். வேலை போனால் பிள்ளை வரமாட்டாள்.

முதல் நாள் சாரத்தில் ஏறி, பிரஷை நனைக்காமல் ஒரு மணித்தியாலம் நின்றார். கீழே நின்ற மேற்பார்வைக்காரன் பிரெஞ்சில் கத்தினான். பிறகுதான் தண்ணீரில் தோய்த்தார். பதினொரு நாள். நகம் நகமாக, நாக்கு வரைக்கும்.

"என்ன அண்ணை, சிங்கத்துக்குப் பல்லும் தீட்டி விடுறியளோ?" என்றேன். அவர் பிரஷை மறுபடி தண்ணீரில் தோய்த்தார்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது அதையே திரும்பச் சொன்னேன். எங்கள் கூட்டத்துச் செபமாலை விடுவானா?

"ஆர், பெண்சாதியைத் திண்ட சிங்கத்துக்கோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். தூ! யாரோ ஒரு வெள்ளைக்காரன் குடும்பத்துச் சின்னம் அது. எங்கள் சண்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்துகொண்டுதான் சிரித்தோம். வாசலில் அண்ணை கோப்பையோடு நின்றார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்தான். இரண்டு வருடம் மெத்ரோ ரயில் ஏறி, தூரத்து லவாலுக்குப் போய்ப் பூசை கண்டார். எங்கள் பக்கம் வரவேயில்லை.

2009இல் அஜிதாவுக்கு விசா கிடைத்தது; அந்த வாரமே வந்திறங்குகிறாளாம். கேள்விப்பட்டதும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணை, எயாப்போட்டுக்கு நான் வான் கொண்டு வாறன்."

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"வான் வேண்டாம். வாற ஞாயிறு அவளை உங்கடை கோயிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவன். பூசை முடிய மண்டபத்திலை எல்லாரும் நிப்பினம். உன்ரை பகிடியை ஆரும் அவளுக்குச் சொல்லமுன்னம் நீ முன்னுக்கு வா. 'பிள்ளை, உன்ரை அப்பா அந்தக் கல்லைக் கழுவினது உன்னைக் கூப்பிடத்தான்' எண்டு அவையளுக்கு முன்னாலை சொல்லு. சிரியாமல் சொல்லு, யோசெப்பு."