பதினான்கு அடி

ரிச்சர்ட்சன் நகரில் இருந்த அந்த மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபி உதவியாளராகச் சேர்ந்தபோது வான்மதிக்கு நாற்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் வாங்கிய பிசியோதெரபி பட்டம் இங்கே செல்லவில்லை. கணவன் கந்தசாமியின் விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் எட்டு வருடம் அப்பார்ட்மெண்டிலேயே கிடந்தாள். கிரீன் கார்டு வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் மறுபடி படித்து, ஒரு படி இறங்கி, உதவியாளர் லைசென்ஸ் எடுத்தாள். அந்த எட்டு வருடமும் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டது தவில்தான். காலையில் யாராவது ஒரு வித்வானின் தவிலைப் போனில் போட்டால்தான் கை கால் அசையும். வேலைக்கு வந்த பின்னும் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

போன அக்டோபரில் லியாங் வந்தார். எழுபத்தெட்டு வயது. பக்கவாதம் வலது பக்கத்தைச் சாய்த்ததோடு, முப்பது வருடமாகப் பேசிவந்த ஆங்கிலத்தையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. சீனம் மட்டும் மிச்சம். மற்றவர்கள் தோளைத் தட்டினாலோ, ஹை-ஃபைவ் கேட்டுக் கையை நீட்டினாலோ முகத்தைத் திருப்பிக்கொள்வார். வான்மதியைக் கண்டால் மட்டும் தலையை லேசாகத் தாழ்த்தி ஏதோ ஒரு வார்த்தை சொல்வார்.

"தெனமும் என்னப் பாத்து செல்லம்மாங்கறாருங்க. அவுங்க வீட்டம்மா பேரா இருக்குமோ?" என்று கந்தசாமியிடம் கேட்டாள்.

"சைனாவுல செல்லம்மாவா?" என்று அவன் சிரித்தான்.

ஒருவேளை பசியோ என்று சமையலறையிலிருந்து புட்டிங் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் தொடவில்லை. மாலையில் வரும் மகள் மேயிடம்தான் கடைசியில் கேட்டாள். மேய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ச்ச-ல-மா. சாப்பிட்டாச்சான்னு கேக்கறார். பதிலுக்காக இல்லை, ஹலோ மாதிரி. அப்பா வயசுக்காரங்க வழியில யாரைப் பாத்தாலும் அப்படித்தான். இப்ப இருக்கிற பசங்க சொல்றதில்லை."

"நாங்களும் அதேதான் கேப்போம்!" என்றாள் வான்மதி. சொல்லும்போதே, இந்த ஊரில் தன்னிடம் அதைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று தோன்றியது.

'ஆச்சு, உங்களுக்கு?' என்று சீனத்தில் திருப்பிக் கேட்க மேய் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் அதைத் தப்பும் தவறுமாகச் சொன்னபோது, லியாங் நன்றாயிருந்த இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் எழுந்து நிற்க மாட்டார். விழாமல் பிடித்துக்கொள்வதற்கான இடுப்புப் பட்டையைக் கட்டியதும் உடம்பை மூட்டையாக்கிவிடுவார்.

"உங்க அப்பா எந்தப் பாட்டைக் கேட்டா எந்திரிப்பார்?" என்று வான்மதி மேயிடம் கேட்டாள். இரண்டு நாள் கழித்து மேய் போனில் ஒன்றைக் கொண்டுவந்தாள். லியாங் இளைஞனாக இருந்தபோது, தொழிற்சாலை மைதானத்தில் காலை உடற்பயிற்சிக்கு ஒலிபெருக்கியில் போடும் இசையாம். பியானோவும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் ஓர் ஆண் குரலும். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது.

பிடித்து நடக்கப் பழகும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்து அதைப் போட்டாள். இடது பாதம் தட்ட ஆரம்பித்தது. மூன்றாம் நாள், எண்ணும் குரல் கேட்டதும், அவராகவே கம்பியைப் பிடித்து எழுந்தார். ஒரு வாரத்தில் நான்கு அடி எடுத்துவைத்தார். மூன்றாம் வாரம் பதினான்கு.

அதோடு நின்றுவிட்டது. மறுநாளும் பதினான்கு. அதற்கு மறுநாளும் அதுதான். பதினைந்தாவது அடியில் வலது முட்டி மடங்கிவிடும். பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. பார்த்ததைப் பார்த்தபடி வான்மதி தினமும் குறிப்பில் எழுதினாள்.

பதின்மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முன்னேற்றம் நின்றுவிட்டதால் வெள்ளிக்கிழமையோடு தெரபி முடிகிறது. ஆதாரமாக அவள் எழுதிய வரிகளையே தேதி போட்டு எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

மேலதிகாரியான தெரபிஸ்ட் கிரீஷிடம் ஓடினாள்.

"கிரீஷ், அவர் முட்டியில பலம் வந்துட்டு இருக்கு. கையில தெரியுது எனக்கு. இன்னும் ரெண்டு வாரம் போதும்."

"கையில தெரியறத எப்படி டாக்குமெண்ட் பண்றது? நீ எழுதினதுல பதினாலுதான இருக்கு?"

"பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

"இல்ல வான்மதி. நீ சரியாத்தான் எழுதியிருக்க. அதான் ஒண்ணும் பண்ண முடியல."

மேய் அப்பீல் செய்தாள். ஒரே நாளில் நிராகரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லியாங்கை மேய் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவர்கள் கிளம்பும் முன் கிரீஷ் வான்மதியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தான்: "வீட்டுக்குப் போய் எக்சர்சைஸ் குடுக்காத. உதவியாளர் தனியாக் குடுத்தா லைசென்ஸ் போயிடும்."

இரண்டாவது ஞாயிறு மதியம், விருந்தாளியாக மட்டும் போனாள். மேயின் வீடு இரண்டாம் மாடி, லிப்ட் கிடையாது. லியாங் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மேய் போனில் அந்த இசையைப் போட்டாள். இடது பாதம் தட்டியது. இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி, எழ முயன்றவாறே வான்மதியைப் பார்த்தார். வழக்கமாக அந்தக் கணத்தில் அவள் கை அவர் இடுப்புப் பட்டையில் இருக்கும். இன்று மடியில் கிடந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணும் குரல் எட்டு வரை போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அவர் இரண்டு முறை முயன்றுவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

"தெனமும் டிரை பண்றார்," என்றாள் மேய். "எனக்குப் பிடிக்கத் தெரியல. விழுந்துட்டா என்ன பண்றது?"

எங்கே பிடிக்க வேண்டும் என்று வான்மதி வாயால் சொன்னாள். மேய் தலையாட்டினாள். அந்த மெலிந்த பெண்ணால் அது ஆகாது என்று இருவருக்குமே தெரிந்தது.

பிப்ரவரியில் மேயிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவை நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டாளாம். அங்கே நாள் முழுக்கப் படுக்கைதானாம். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை என்றும் எழுதியிருந்தாள். வான்மதி மூன்று முறை பதில் எழுதி, மூன்று முறையும் அழித்தாள். பிறகு, அடுத்த நோயாளி காத்திருப்பதாகக் கிரீஷ் வந்து சொன்னதும், போனை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.