பத்து நாள் அளந்த பாறை

1986 கோடை. எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருட ஆய்வேட்டுக்காக வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதை நானும் மறந்ததில்லை, பிறரை மறக்கவிட்டதும் இல்லை.

பூமி நெருக்கும்போது பாறை உடைந்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை உரசிக்கொண்டு நகரும். உரசிய இடத்தில் கோடுகள் விழும். அவற்றைக் காம்பஸ் வைத்து அளந்தால், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் விசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கலாம். குவாரி மூலையில் பாதி புதைந்திருந்த, வீடு போன்ற ஒரு பாறையில் அந்தக் கோடுகள் அருமையாக இருந்தன. பத்து நாள் அதிலேயே கிடந்தேன். இதுவரை யாரும் சொல்லாத திசை கிடைத்தது. இது நிலைத்தால் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் நிச்சயம் என்றார் பேராசிரியர். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

கடைசி நாள் மூட்டை கட்டும்போது, ஜல்லி உடைக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"என்ன டீச்சரு, உருண்டு விழுந்த கல்லுக்குப் போயி சாதகம் கணிக்கிறீக?"

எப்போது விழுந்தது என்று கேட்டேன். போன வருடம் வெடி வைத்தபோது மேலிருந்து புரண்டு விழுந்ததாம். அது இருந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். வெறும் ஆகாயத்தைக் காட்டினாள். அந்த மேட்டையே வெடித்து எடுத்துவிட்டார்கள். இடம் மாறிய பாறை எந்தத் திசையையும் சொல்லாது.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை.

"மொத நாளே சொல்ல வந்தேன். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது, செத்த சும்மா இருன்னு நீங்கதேன் சொன்னீக."

சொல்லியிருந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். பாறை அதன் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வகுப்புப் பாடம் அல்லவா என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டுப் பார்த்தால் ஆய்வேட்டில் முடிவு என்று எதுவும் மிஞ்சவில்லை. தேர்ச்சி கிடைத்தது, ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போனது. ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

பாறை புரண்டதற்கு வெடியைக் குறை சொல்லிக்கொள்கிறேன். சொல்ல வந்தவளின் வாயை அன்று நான் அடைத்ததற்குக் குறை சொல்ல, என்னைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை.