எலேனுக்குக் கேன்சர் இல்லை

பாண்டிச்சேரியில் கார் ஏறியதிலிருந்து எலேன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பக்கத்தில் இருக்கும் கணவர் சில்வேன் பதில் சொல்வார். அந்தப் பதில் என்னவென்று அவளுக்கு மனப்பாடம். சிதம்பரம் வரை தப்பித்தாள். சீர்காழி தாண்டும்போது அவள் ஒன்றும் கேட்காமலேயே அவர் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கே சொன்னேன்."

எலேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியதில் இடது மார்பு சீட் பெல்ட்டில் பட்டு உயிர் போய் உயிர் வந்தது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இன்னொரு தடவை சொல்வார்.

பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர் சுகிர்தா தங்கமானவர்தான். படம் போட்டுக் காட்டி, நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். "மாருக்குள்ள வெச்ச சிலிக்கான் பையைச் சுத்தி உடம்பு தானா ஒரு சவ்வு கட்டிக்கும்மா. எல்லாருக்கும் கட்டும். உங்களுக்கு இடது பக்கம் அது இறுகிப்போச்சு. அதான் கல்லு மாதிரி ஆகி மேல ஏறி நிக்குது. ஸ்கேன்ல வேற ஒண்ணும் இல்ல. கேன்சர் இல்ல, பயப்படாதீங்க."

அதற்கு மேல்தான் வினை. பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். நன்றாக வரலாம், திரும்பவும் இறுகலாம், எப்படியும் என்றைக்காவது இன்னொரு ஆப்பரேஷன் வரும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். வலி பெரும்பாலும் போய்விடும், ஆனால் மார்பு சிறுத்துத் தொய்ந்துதான் இருக்கும், வேண்டுமானால் தோலைக் கொஞ்சம் தூக்கித் தைக்கலாம். இரண்டும் சரியான வழிதான் என்றார்.

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"நான் நீங்க இல்லையேம்மா. உங்களுக்கு என்ன வேணும்னு யோசிங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கா அத்தனை தூரம் போனோம் என்று எலேனுக்கு எரிச்சலாக வந்தது. குழம்பில் உப்புப் போடுவதற்கே நாலு பேர் யோசனை சொல்கிற ஊர் இது. வேண்டாத நேரத்தில் எல்லாம் வாய் திறக்கிற உலகம், வேண்டிய நேரத்தில் உன் இஷ்டம் என்று கையை விரிக்கிறது.

எலேன் ஒன்றும் சீமாட்டி அல்ல. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த சில்வேனுக்கு வாழ்க்கைப்பட்டு, பாரிசுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்துக் கான்டீனில் தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு பரிமாறியவள். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்தபோது மார்பு வற்றிப் போயிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள்தான் கவனித்தாள், தினமும், குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது. நாற்பது வயது தாண்டியதும் ஒருநாள், தன் சம்பளத்தில், தன் முடிவில், போய் மார்பில் பை வைத்துக்கொண்டு வந்தாள்.

சில்வேன் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் இல்லை அவர், முனகுகிற ஆள். "நம்ம குடும்பத்துல யாரு இதெல்லாம் செஞ்சிருக்கா? வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறே. பின்னாடி அழுவே." அவள் அழவில்லை. அடுத்த தடவை விடுமுறைக்குக் காரைக்கால் வந்தபோது, பட்டுப்புடவையில் அவளைப் பார்த்த சொந்தக்காரப் பெண்கள், "எலேனுக்கு பிரான்ஸ் ரொட்டி ஒத்துக்கிச்சு" என்றார்கள். எலேன் ரொட்டிக்கே பெருமை போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வருஷங்களில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பென்சன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வீடு பிடித்துக் குடியேறிய பிறகுதான் இடது பக்கம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. துணி காயப்போடக் கை தூக்கினால் வலி. ஒருக்களித்துப் படுத்தால் வலி. புடவை கட்டினால் அந்தப் பக்கம் மட்டும் தனியாக எழுந்து நின்றது. முந்தானையை இழுத்து இழுத்து விட்டே அவள் பொழுது போயிற்று.

எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மனசுக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால், டாக்டர் எடுக்கலாம் என்று சொன்ன நொடியிலேயே அவளுக்கு மூச்சு லேசானது. ஆனால் எடுத்தால் சில்வேன் ஜெயித்துவிடுவார். அவர் ஜெயித்தால் சும்மா இருப்பாரா? சாகிற வரை அதைச் சொல்லிச் சொல்லியே சாப்பிடுவார். அந்த எரிச்சலில், வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"மாத்தி வெக்கப் போறேன்."

சில்வேன் இடித்த புளி மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனாள். பூசை தொடங்கும் முன் அன்றைய கருத்துகளை, யார் யாருக்காக அந்தப் பூசை என்பதை, வாசித்தார்கள். காலமான யாரோ ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, யாரோ ஒரு பையனின் விசாவுக்காக. பிறகு, "தருமபுரம் எலேன் அம்மா புற்றுநோயிலிருந்து பூரண சுகம் பெற வேண்டி, நாத்தனார் ஓத்ரே ஒப்புக்கொடுக்கும் பூசை."

எலேன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஓத்ரே, சில்வேனின் தங்கை, இரண்டு வரிசை தள்ளிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கோயிலே எலேனைப் பார்த்தது. பூசை முடிந்து வெளியே வருவதற்குள் எத்தனையோ கைகள் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டன. மறுநாள் காலையிலிருந்து வீட்டில் சாத்துக்குடியும் ஹார்லிக்சும் குவிந்தன.

"ஓத்ரேகிட்ட என்ன சொன்னீங்க?" என்று சில்வேனைப் பிடித்தாள்.

"நான் கேன்சர்னு சொல்லவே இல்ல. மாருல ஆப்பரேஷன்னுதான் சொன்னேன். அவளா நெனச்சுக்கிட்டா."

"நெனச்சுக்கிட்டா, இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆப்பரேஷன்னு கேப்பாளே. என்னன்னு சொல்றது?"

பெண்டாட்டிக்குப் புற்றுநோய் வந்தால் இந்த மனுஷனுக்கு அது மரியாதை. பெண்டாட்டிக்கு ஓர் ஆசை வந்தது என்றால் அவமானம். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர் இவர்.

சாயங்காலம் முருங்கைக்கீரை சூப்புடன் வந்த ஓத்ரேயை உட்காரவைத்து, எலேன் உள்ளதை உள்ளபடி சொன்னாள். எங்கே, எப்போது, எதற்கு வைத்துக்கொண்டாள் என்பது வரை சொன்னாள். ஓத்ரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு அவள் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு.

"அண்ணி, அதுக்கு ஃபாதர் பூசையே வெச்சுட்டாரே. இப்பப் போய் இல்லன்னு சொன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"அப்ப எனக்குக் கேன்சர் வந்தாத்தான் உனக்கு நிம்மதியா?"

"அப்படி இல்ல அண்ணி. எப்படியும் ஆப்பரேஷன் பண்ணத்தான போறீங்க. எடுத்துடுங்க. எடுத்துட்டா கேன்சருக்குத்தான் எடுத்தாங்கன்னு போயிடும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

கதவோரம் நின்றிருந்த சில்வேனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. "ஓத்ரே சொல்றதுதான் சரி. எடுத்துடு எலேன். உனக்கும் வலி போயிடும், ஊர் வாயும் அடங்கிடும்."

இதைவிட ஒரு வம்பு எலேனின் வாழ்க்கையில் வந்ததில்லை. அவளுக்கே எடுக்கத்தான் ஆசை. ஆனால் இப்போது எடுத்தால், அவள் ஆசைப்பட்டு வைத்ததும் இல்லை, வேண்டாமென்று எடுத்ததும் இல்லை என்றாகிவிடும். பாவம், நோய் வந்து எடுத்தார்கள், மாதா காப்பாற்றினாள் என்று முடிந்துவிடும். அவள் வாழ்க்கையில் அவளாகச் செய்த ஒரே காரியத்தை அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து துடைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து மாற்றி வைக்கலாம் என்றாலோ, கத்தி அவள் உடம்பில்தான் விழும், நாளைக்குத் திரும்ப இறுகினால் வலியும் அவளுக்குத்தான். இவர்கள் வாய்க்காகத் தன் நெஞ்சை இரண்டாம் தடவை அறுத்துக்கொள்வதா? அன்றிரவு சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்தாள்.

பூசையில் வாசித்ததைக் கேட்டு, அந்த வாரமே பக்கத்து வரிச்சிக்குடியிலிருந்து தேவிகா வந்தாள். பால்வாடி டீச்சர். இந்துதான்; புற்றுநோய் வந்த பிறகு சனிக்கிழமைகளில் மாதா கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுவாள். தலைமுடி இப்போதுதான் குட்டை குட்டையாக முளைத்திருந்தது. கையில் ஒரு முள்சீத்தாப்பழம், பையில் அதன் இலைகள்.

"கேன்சருக்கு இந்த இலையக் கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொல்றாங்க. எனக்குக் கேட்டுச்சா இல்லையான்னு தெரியல. டாக்டரு மருந்த விட்டுடாம இதையும் குடிங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எந்தப் பக்கங்க? எனக்கு வலது. முழுசா எடுத்துட்டாங்க" என்று ரவிக்கையின் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே துணி சுருட்டி வைத்திருந்தாள்.

எலேனுக்கு முகம் வெந்து போயிற்று. ஓத்ரேயிடம் எரிந்து விழலாம், சில்வேனைத் திட்டலாம். இவளிடம் எப்படி வாய் கூசாமல் இடது பக்கம் என்று சொல்வது?

"தேவிகா, எனக்குக் கேன்சர் இல்லம்மா. நல்லா இருந்த மாருல நானா ஆசைப்பட்டுப் பை வெச்சுக்கிட்டேன். அது கெட்டுப்போச்சு. அவ்வளவுதான். உங்க வேண்டுதல எல்லாம் நான் திருடிட்ட மாதிரி இருக்கு."

தேவிகா கோபப்படுவாள் என்று எலேன் எதிர்பார்த்தாள். பட்டிருந்தால் அதுவும் நியாயம்தான்.

"வெச்சப்ப நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் தேவிகா.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார்கள், ஏன் என்று கேட்டார்கள், இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். நன்றாக இருந்ததா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு தேவிகா" என்றாள் எலேன். "இப்ப போதும்னு இருக்கு."

"எனக்கும் வெச்சுக்கலாம்னு டாக்டரு சொல்லியிருக்காங்க. இன்னும் முடிவு பண்ணல. அதான் கேட்டேன்" என்றாள் தேவிகா. பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதற்கு, பழம் எல்லாருக்கும் நல்லதுதான் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எலேன் அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள். இரண்டையும் எடுத்துவிடுங்கள், புதிது வேண்டாம் என்றாள். நிச்சயமா என்று டாக்டர் கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கச் சொன்னீர்களே, யோசித்துவிட்டேன் என்றாள். போனை வைத்துவிட்டுச் சில்வேனைக் கூப்பிட்டாள்.

"எடுக்கச் சொல்லிட்டேன்."

அவர் வாயைத் திறந்தார்.

"இருங்க. அன்னைக்கே சொன்னேன்னு சொல்லணும்னா நல்லா சொல்லிக்குங்க, எனக்கு இனிமே அது ஒறைக்காது. ஆனா ஓத்ரேகிட்ட பாதி சொன்னீங்கள்ல, மீதியையும் நீங்களே சொல்லணும். எனக்காக ஒரு பூசைய வீணாக்கினது போதும், தேவிகா பேர்ல ஒண்ணு வெக்கச் சொல்லுங்க. இப்ப, என் முன்னாடி."

"அவளுக்குத்தான் நீ சொல்லிட்டியே."

"நான் சொன்னேன். நீங்க சொல்லல."

சில்வேன் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, எண்ணை அழுத்தினார். போன் ஓத்ரேயின் குரலில் "என்னண்ணே?" என்றது.

"ஓத்ரே... அண்ணிக்குக் கேன்சர் இல்ல. கேக்கறவங்ககிட்ட இல்லன்னே சொல்லிடு. அது அவளா ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டது. இப்ப அவளா எடுக்கப் போறா." எலேனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

எலேன் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது; கோபம்தான் பெரிதாக இருந்தது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?" என்றாள்.