கத்தரி வாயை மூடிக்கொண்ட நாள்

என் அக்காவை எங்கள் குடும்பத்தில் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, பூக்காம்பு வெட்டும் கத்தரி இருக்கும். பேருந்தில், சினிமாக் கொட்டகையில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட அது அவளோடுதான் இருக்கும். ஒருமுறை விமான நிலையத்தில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் அழுத அழுகையைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மா, ஏதோ சாவுக்குப் போகிறாள் என்று நினைத்து வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

பூ அலங்காரம் அவளுக்குத் தொழில். கல்யாண மேடை, ஹோட்டல் வரவேற்பறை, ஆஸ்பத்திரி, அலுவலகத்து மீட்டிங் மேசை, எங்கே கூப்பிட்டாலும் போவாள். கெட்டிக்காரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மற்றவர்கள் வைத்த ரோஜா தலையைத் தொங்கப்போட்ட பிறகும் இவள் வைத்தது ஜம்மென்று நிற்கும். ரகசியம் ஒன்றுமில்லை என்பாள். வாளியை நாம் குடிக்கிற டம்ளரைப் போலக் கழுவ வேண்டும். காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. இருந்தால் இலை அழுகும், தண்ணீர் கெடும், பூ சாகும். இதைச் சொல்லும்போது அவள் குரலைக் கேட்டால் கொலைக் கேஸ் வாதாடுகிறாளோ என்று தோன்றும்.

பூ குத்துவதற்கென்று பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுக்கட்டி வரும். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். அவசரப்பட்டுக் கையால் அமுக்கினால் நடுவில் காற்று நின்றுவிடும், அங்கே குத்திய பூவுக்குத் தண்ணீர் கிடைக்காது. அந்தக் கட்டியிடம் காட்டும் பொறுமையில் கால்வாசியை அவள் மனிதர்களிடம் காட்டியிருந்தால் எங்களுக்கு இன்னும் நாலு சொந்தக்காரர்கள் மிஞ்சியிருப்பார்கள்.

ஏனென்றால் அவளுக்குத் தொழிலைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வரத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பூ ஜாடியைத்தான் பார்ப்பாள். "ஜாடியோட உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தாப் போதுமே, ஏன் இப்படிக் கம்பம் நட்ட மாதிரி?" என்பாள். எங்கள் அத்தை ஒருத்தி இறந்தபோது சவப்பெட்டியின்மேல் அவள் வெகுநேரம் குனிந்தே நின்றாள். பாசத்தைப் பாரேன் என்று கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அவளோ மலர்வளையத்து லில்லிப் பூக்களின் மகரந்தத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள், வெள்ளைத் துணியில் கறை பட்டுவிடுமாம். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அது தெரியும். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஊர் அதையும் பாசக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

இதெல்லாம் சிரிப்புக் கதைகள். சிரிக்க முடியாத கதை ஒன்று உண்டு. அவளுக்கு ஒரே மகன். சாது. அவன் முதலில் விரும்பிய பெண் வீட்டுக்கு வந்தபோது, பாவம், ஆசையாக ஒரு பூங்கொத்து வாங்கி வந்தாள். அக்கா கதவைத் திறந்தாள். "வாம்மா" என்ற வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பூங்கொத்தை வாங்கி நேரே சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோய், ரிப்பனை அவிழ்த்து, தாளைக் கிழித்து, காம்புகளை நறுக்நறுக்கென்று வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பூவுக்குத் தாகம், அவளுக்கு அவசரம். வாசலில் நின்ற பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், தான் கொடுத்த பூவை ஒருத்தி துண்டு துண்டாக்குகிறாள் என்பதுதான். அந்தப் பெண் அதன்பிறகு அந்தப் படி ஏறவில்லை. மகன் எவ்வளவோ பேசிப் பார்த்தான், அது ஒட்டவே இல்லை. அவன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் அவளைத் தின்றது. பிறகு வருஷக்கணக்கில் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

அதனால் அவன் மறுபடி ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், தானே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார். அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா, மகன், நான், மூன்று பேர். கிளம்பும்போது மகன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அங்க பூ இருக்கும். நீ பார்க்காதே. பார்த்தாலும் பேசாதே. எனக்காக."

"நான் என்ன பைத்தியமாடா?" என்றாள் அக்கா. ஆனால் தானாகவே கைப்பையைத் திறந்து, கத்தரியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

பூ இருந்தது. அடேயப்பா, எப்படி இருந்தது! சாப்பாட்டு மேசைக்கு நட்டநடுவில் ஒரு கண்ணாடி ஜாடி. எதிரே உட்கார்ந்தவர் முகம் தெரியாத உயரம். ரோஜா, ஜெர்பெரா, லில்லி, கார்னேஷன், கடையில் இருந்த எதையும் மனம் நோக விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடப் பிரேயரில் பிள்ளைகளை நிறுத்தியதுபோல இரண்டிரண்டாக வரிசை. பாதி இலை தண்ணீருக்குள், தண்ணீர் அதற்குள்ளாகவே கலங்கல். மேலே மின்விசிறி முழு வேகத்தில். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய வாழைப்பழமும் ஆப்பிளும். பழுக்கிற பழத்திலிருந்து வரும் ஆவி பூவைச் சீக்கிரம் வாட வைத்துவிடும் என்று எனக்கே தெரியும், அவளோடு பிறந்த பாவத்துக்கு.

அக்காவை அதற்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். அவள் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு டேபிள் கொஞ்சம் நிறைஞ்சுபோச்சு, இல்லீங்க?" என்றார் அந்தம்மா, லில்லிக்குப் பின்னாலிருந்து.

"நல்ல டேபிள்," என்றாள் அக்கா. "நல்ல மரம்."

"உள்ள வரும்போதே வாசனை வந்திருக்குமே?"

"காத்து நல்லா வருது. ஃபேன் புதுசுங்களா?"

அந்தம்மா இன்னும் இரண்டு மூன்று முறை பேச்சை அந்தப் பக்கம் கொண்டுவந்து பார்த்தார். அக்கா ஜன்னல் திரையைப் பாராட்டினாள், தட்டைப் பாராட்டினாள், சுவரில் இருந்த காலண்டரைக்கூட விடவில்லை. நடுவில் ஒரு லில்லியிலிருந்து மகரந்தம் வெள்ளை விரிப்பில் கொட்டியது. அந்தம்மா பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தார், அது மஞ்சளாக இழுபட்டுப் பரவியது. ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்தால் கறையே இருந்திருக்காது. அக்கா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளிய கிள்ளு ரொம்ப நாள் கன்றிப்போயிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பூவையே பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பேசாமல் இருந்தாள், அதுவே உலக அதிசயம்.

திரும்பும்போது மகன் தெருவிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டான். "அம்மா, நீ தெய்வம்மா!" என்றான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்து முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. பெண் அழுதுகொண்டே சொன்னாள், அம்மா இந்தக் கல்யாணம் வேண்டாம் என்கிறாராம். காரணம் கேட்டால், "பையனோட அம்மா பூவைப் பார்த்தாங்க, ஒரு வார்த்தை பேசல" என்பதற்குமேல் வாயைத் திறக்கவில்லையாம்.

மகன் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "சித்தி, நான் என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்?" என்று என்னிடம் கேட்டான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேசினாலும் போகிறது, பேசாவிட்டாலும் போகிறது, இது என்ன நியாயம்?

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாடி," என்றாள். "போய்ப் பாராட்டிட்டு வந்துடுறேன்."

வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பூ ரொம்ப அழகா இருந்துச்சுங்க, பூ ரொம்ப அழகா இருந்துச்சுங்க. பரீட்சைக்குப் போகிற பிள்ளை அவளிடம் தோற்றுவிடும்.

அந்தம்மா கதவைத் திறந்தார். வாங்க என்றார், மரியாதைக்கு. மேசையில் ஜாடி அப்படியே இருந்தது. ஜெர்பெரா எல்லாம் கழுத்து ஒடிந்து தொங்கின. ரோஜாவின் ஓரம் கருத்துப்போயிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள்.

"நேத்து சொல்லவே மறந்துட்டேன். பூ... ரொம்ப அழகா இருந்துச்சுங்க."

இவ்வளவு மட்டமான பொய்யை நான் என் ஜன்மத்தில் கேட்டதில்லை.

"பொய் சொல்லாதீங்க," என்றார் அந்தம்மா. "உங்களுக்குப் பூதான் தொழில்னு பொண்ணு சொன்னா, உங்களுக்காகத்தான் அவ போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து நானே பண்ணேன். நல்லா இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. நல்லா இல்லேன்னாலும் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லுங்க."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"காம்பை நேரா வெட்டியிருக்கீங்க, அது ஜாடியோட அடியில ஒட்டிக்கும், எப்படித் தண்ணி குடிக்கும்? இலையை ஏன் உள்ள விட்டீங்க? எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வெச்சா கண்ணு எங்கதான் போய் நிக்கும்? பெரிய பூ ஒண்ணைத் தாழ்வா வெச்சு, நடுவுல கொஞ்சம் வெறும் இடம் விடணுங்க, பூவுக்கும் மூச்சு விட இடம் வேணாமா? பழத்தட்டைப் பக்கத்துல வெச்சீங்களே, அய்யோ, அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சது! அந்தக் கறையை ஈரத்துணியால தேய்ச்சீங்க பாருங்க, அப்பவே எனக்கு உயிர் போச்சு!"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்தம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சரி, இந்தப் பெண்ணும் போச்சு, கிளம்பலாம் என்று நான் வாசல் பக்கம் திரும்பியே விட்டேன்.

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா பொண்ணு கொடுப்பீங்களா?" அக்காவின் குரல் உடைந்தது. "ஏற்கெனவே ஒரு பொண்ணு என்னால போயிட்டா. என் பையன் எத்தனை வருஷம் சிரிக்காம இருந்தான் தெரியுமா? அதுக்குத்தாங்க வாயை மூடிக்கிட்டேன்."

அந்தம்மா மேசை விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"என் மாமியார் என்னை ஒருநாளும் திட்டினதில்ல. கொடுத்துவெச்சவன்னு எல்லாரும் சொல்வாங்க. சோறு குழைஞ்சிருந்தா பார்ப்பாங்க, சிரிப்பாங்க, பேசமாட்டாங்க. நான் மடிச்ச துணியை என் கண்ணு முன்னாலயே பிரிச்சு மறுபடி மடிப்பாங்க, பேசமாட்டாங்க. அவங்க சாகற வரைக்கும் நான் என்ன தப்புப் பண்றேன்னே எனக்குத் தெரியாது. ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறேன், அந்த வீட்டுக்குள்ள நடக்க மட்டும் பயம். நேத்து நீங்க அதே மாதிரி பார்த்தீங்க, அதே மாதிரி சிரிச்சீங்க. என் பொண்ணை இப்படியொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவேன், சொல்லுங்க?"

அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திட்டுவேங்க," என்றாள். "வந்த அன்னைக்கே திட்டுவேன். மனசுல ஒண்ணு வெச்சுக்கமாட்டேன். சத்தியமா."

அந்தம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ கூட்டிட்டுப் போங்க," என்றார்.