பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

கேரளத்தில், பொன்முடி மலையடியில் ஓடும் கல்லாற்றங்கரையில் தட்டுக்கடை போட்டிருக்கும் சுடலைமாடத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். திசையன்விளையிலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து, வருஷக்கணக்காய் மண் சுமந்து, கடைசியில் சாயா ஆற்ற நின்றவள். கடை போட்ட முதல் மழைக்காலத்தில், ஆற்றிலிருந்து பிணமாக எடுத்த ஒரு கல்லூரிப் பையனை அவள் பெஞ்சில்தான் கிடத்தினார்கள். அன்றிலிருந்து கடை முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை: ‘இந்தத் தண்ணியில் ஆள் செத்திருக்கு. இறங்காதே.’

கடை நிற்கும் இடத்துக்குச் சொந்தக்காரன் வினீத்துக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. பக்கத்தில்தான் அவனுடைய ரிசார்ட்.

“சேச்சி, கெஸ்ட்டுக்கெல்லாம் பேடி, பயமா இருக்கு. இந்த ஸ்தலம் சேஃப் இல்லேன்னு ரிவ்யூ எழுதறாங்க. ஒண்ணு போர்டை எடுக்கணும், இல்லேன்னா கடையை எடுக்கணும்.”

“ரெண்டையும் எடுக்கமாட்டேன், சாரே.”

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்தால் பலகையைக் காணோம். வினீத்தின் ஆட்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஆனை வருமா, அட்டை கடிக்குமா, சாயா நல்ல தண்ணியிலா போடுறீங்க என்று ஆயிரம் கேள்வி. ஆற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனம்! இவள் தடுத்தும் கேளாமல், தெளிந்து கிடந்த தண்ணீரில் பிள்ளைகளோடு இறங்கிவிட்டார்கள்.

இங்கே சுள்ளென்று வெயில். மேலே பொன்முடி மட்டும் கறுத்துக் கிடந்தது. சற்று நேரத்தில் தண்ணீரில் சருகும் நுரையும் மிதந்து வந்தன. மலையில் மழை கொட்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“ஏறி வாங்க! மலைவெள்ளம் வருது!”

“முட்டளவு தண்ணிதானேம்மா, சும்மா பயமுறுத்தாதீங்க,” என்று சிரித்தார் தகப்பன்.

இனிப் பேசிப் பயனில்லை. பாறைமேல் அவர்கள் வைத்திருந்த பையை, போன், பர்ஸ், கார் சாவியோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். “திருடி! திருடி!” என்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குடும்பமே பின்னால் ஓடி வந்தது.

தகப்பன் அவள் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கீழே இரைச்சல் கேட்டது. சற்றுமுன் அவர்கள் நின்ற இடத்தில் செம்மண் வெள்ளம் மரத்தைப் புரட்டிக்கொண்டு போனது, பாறையே தெரியவில்லை. மனைவி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் பிடித்த கையை விடக்கூட மறந்து நின்றார்.

சத்தம் கேட்டு வினீத் ஓடி வந்தான். “சேச்சி, கெஸ்ட்டோட பேகையா எடுத்தே? இங்கே கள்ளி இருக்கான்னு எழுதினா என் ரிசார்ட் என்னாகும்?”

சுடலைமாடத்தி கையை உதறி விடுவித்துக்கொண்டாள்.

“எழுதட்டும் சாரே. போர்டு வைக்க விடலேன்னா வாரவன் பையை எல்லாம் தூக்குவேன். கள்ளின்னு எழுதட்டும், பிசாசுன்னு எழுதட்டும். உசுரோட கரையேறினவன்தானே எழுதுவான்!”