புதுச் சாமைக்குக் காத்திருந்தவர்

செய்தியைக் கொண்டுவந்தவர் அஞ்சலை. விடுதிச் சமையலறையை விட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் வராதவர், அன்று என் வகுப்பு வாசலில் ஈரக் கையோடு நின்றார். "வசந்தா டீச்சர் போயிட்டாங்கம்மா. ரிஷிவந்தியத்துலருந்து ஆளு வந்துச்சு" என்றார். மஞ்சள் காமாலை என்று அங்கே தன் ஊருக்குப் போனவர் விடுப்பு முடிந்ததும் திரும்பிவிடுவார் என்றுதான் இருந்தோம். அவருடைய குடை இன்னும் எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மாணவியர் விடுதியை அறிந்தவர்களுக்கு அதன் காப்பாளர் வசந்தாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உரத்த குரல், சட்டென்று வரும் கோபம், அதைவிடச் சட்டென்று வரும் சிரிப்பு. நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவள் நான். அதிகம் பேசாத என்னிடம் அவர் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த அந்த வாரம்தான். பேருந்து ஓடவில்லை, அரிசி வரவில்லை. 'நீங்க இன்னா ஆளுங்க?' என்று ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை; கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் பெண்கள் மட்டும் விடுதியில் மாட்டிக்கொண்டார்கள்.

அரிசி தீர்ந்ததும் வசந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. மலைப் பெண்களுக்கு அவர்களுடைய சாமைச் சோற்றையே போடலாமே! கடைக்காரர் பழைய மூட்டையை அவிழ்க்கப் போனபோது, "எங்க புள்ளைங்களுக்கு இந்தப் பழசா?" என்று சண்டை போட்டு, அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்த புதுச் சாமையை வாங்கிவந்தார். அஞ்சலை சோறு பொங்கி, கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, மோரும் கடைந்தார்.

தட்டில் விழுந்த சோற்றை ஒருத்தியும் தொடவில்லை.

அஞ்சலை கருணாபுரம் காலனிக்காரர். அந்த வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் தோன்றிய காரணம் ஒன்றுதான். அவருக்கும் அதே தோன்றியது. "நேத்து வரிக்கும் அக்கா அக்கான்னு வாங்கித் துன்னுச்சுங்க. இன்னிக்கு நான் இன்னா ஆளுன்னு எவனோ சொல்லிக் குடுத்துட்டான். வேற ஆள வெச்சுக்கங்க டீச்சர்" என்று கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

வசந்தா கொதித்துப் போனார். "அஞ்சலை ஆக்குனத துன்னமாட்டீங்களா? பஸ்ஸு ஓடட்டும். மொத பஸ்ல மூட்டைய கட்டுங்க, அத்தினி பேரும்!"

பெண்கள் தலை நிமிரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பொன்னி மட்டும் எழுந்து ஓடி, படி இறங்கிய அஞ்சலையின் முந்தானையைப் பிடித்தாள். "போவாதக்கா. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துக்கா."

வசந்தா அப்படியே நின்றுவிட்டார். "ஏண்டி, மோரும் இவ ஊத்தினதுதான?"

"ஆமா டீச்சர்."

"அப்ப சோத்துக்கு இன்னா?"

"புதுச் சாமை டீச்சர். எங்க ஊருல இன்னும் சாமிக்குப் படைக்கல. படைக்காம யாரும் வாயில வெக்க மாட்டோம். எந்தம்பியே இன்னும் துன்னிருக்க மாட்டான்."

"மொதல்லயே சொன்னா இன்னாடி?"

"நீங்க இன்னாத்துக்குன்னு கேக்கலியே. மூட்டைய கட்டுன்னுதான சொன்னீங்க."

 நம் விடுதிப் பிள்ளையாருக்கே படைத்துவிடலாமா என்று வசந்தா கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பிள்ளையாருக்குக் குடுத்துட்டு எங்க சாமிகிட்ட இன்னான்னு சொல்றது டீச்சர்?" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் அவர் ஒவ்வொருத்தியாக, "உங்க வூட்ல எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மலையின் மறுபக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர், எங்கள் ஊரில் படைத்தாகிவிட்டது, நாங்கள் உண்ணலாம் என்றார்கள்.

"அப்ப நீங்க ஏண்டி துன்னல?"

"இவளுங்க பாத்துக்கினு இருக்கசொல்ல நாங்க எப்பிடி துன்றது டீச்சர்?"

வசந்தா அஞ்சலையையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் விடவில்லை. "இன்னா டீச்சரம்மா, புதுசுதான் வேணும்னு சண்ட போட்டு வாங்கினு போனீங்க. இப்பப் பழசா?" "ஆமாங்க, பழசுதாங்க. எங்க புள்ளைங்களுக்குப் பழசுதான் ஒத்துக்கும்" என்றார் வசந்தா. அன்று பழைய சாமைச் சோற்றைப் பெண்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். "பழசுன்னாதான் எங் கையி மணக்குதாடி?" என்று அதட்டிக்கொண்டே அஞ்சலை அள்ளி வைத்தார். கண்ணைத் துடைக்கத் தோளைத்தான் பயன்படுத்தினார்; கையில் கரண்டி இருந்தது.

வசந்தா கடையில் போட்ட சண்டைதான் இத்தனைக்கும் காரணம். முதலில் காட்டிய பழைய மூட்டையையே வாங்கியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி வசந்தாவே சிரிப்பார். மலைவாழ் மக்களைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இது எந்த வூட்டு சமாச்சாரம்?" என்றார். அந்தப் பக்கத்தை நான் மறுபடியும் வேறு விதமாகப் படிக்க வேண்டியிருந்தது.

கோபம் அவரை விட்டுப் போகவில்லை. கத்துவார், பாதியில் நிறுத்துவார், "சரி, உங்க வூட்ல எப்பிடி?" என்பார். கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண்ணிடமும் அதே கேள்விதான், அஞ்சலையிடமும் அதே கேள்விதான். ஒரு முறை என்னிடமும் கேட்டார். வீட்டைப் பற்றி யாரிடமும் பேசாத நான் அன்று நெடுநேரம் பேசினேன்.

அந்த ஆண்டிலிருந்து ஒரு வழக்கம் எங்களிடம் ஒட்டிக்கொண்டது. பொன்னியின் ஊரில் படைத்து முடிந்ததும் மலையிலிருந்து யார் கையிலாவது புதுச் சாமையோடு ஒரு சிறு துணி முடிச்சு வரும். அஞ்சலை பொங்குவார், மூவரும் உண்போம். அதுவரை வசந்தா புதுச் சாமையைத் தொடமாட்டார். "அவங்களே காத்துக்கினு இருக்காங்க, நமக்கு இன்னா அவசரம்?" என்பார்.

இந்த ஆண்டுப் புதுச் சாமை கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா இருந்தா இந்நேரம் பழசுதான் கேட்டிருப்பாங்க" என்றார். நான் பழசையே வாங்கிக்கொண்டு வந்தேன். அஞ்சலை பையைப் பிரித்துப் பார்த்தார். உலையை ஏற்றிவிட்டு, மலைப் பேருந்து வரும் சாலையைப் பார்த்தபடி, "மேலருந்து இன்னும் சேதி வரல இல்லம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வசந்தாவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு: அந்தக் கேள்வி, அதன் பதிலுக்காகக் காத்திருத்தல். இரண்டையும் வைத்திருக்கிறேன். முடிச்சு வரும்போது அவருடைய தட்டையும் எடுத்து வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலையிடம்தான் கேட்க வேண்டும், அவர் வீட்டில் எப்படி என்று.