முகம் தெரிய வேண்டும்

நெமிலிச்சேரிக்கு அப்பால், எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு எதிரே ஓர் ஏரிக்கரை. அங்கே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. குள்ளமான உருவம், புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை. வருகைப் பதிவுக்காகச் செல்போனில் படம் எடுப்பார்கள். அதற்கு முன் அவர் தவறாமல் பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு விறைப்பாக நிற்பார். முகம் தெரியாவிட்டால் அன்றைய கூலி கிடையாதாம்.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கச் சொல்லி மனு எழுதியவன் நான். கையெழுத்து கேட்டு அவரிடம் போனேன்.

“சேந்தா இன்னா நைனா கெடைக்கும்?”

“தார் ரோடு வரும், கால்வாய் வரும்மா.”

“எங்க ஏரி வேல நிக்காதில்ல?”

“அதெல்லாம் நிக்காதும்மா.”

நூறு நாள் வேலை கிராமங்களுக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டதோடு, மற்ற பெண்களையும் கூட்டிவந்து போடவைத்தார்.

சேர்த்தார்கள். ஏரி வேலை நின்றது. ரோடு எங்கள் கேட்வரை வந்தது. அவர்கள் தெருவுக்குப் போகவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக ஒரு காலை அந்தப் புது ரோட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ அவர் வந்தார். முகம் கழுவினார், துண்டை அவிழ்த்தார், ரோட்டோரம் விறைப்பாக நின்றார்.

“எட்து வச்சிக்கோ நைனா. நானும் வந்துகீறேன்.”

பழக்கத்தில் சொன்னாரா, குத்திக்காட்டினாரா, இன்றுவரை விளங்கவில்லை. அவர் நின்ற ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தைக் குழுவில் போட்டேன்.